டிராய் ரூலை கம்பெனி மதிக்கலைன்னா எங்க போறது: நுகர்வோர் ஆணையமா, மக்கள் நீதிமன்றமா, டிடிசாட்டா, ஐகோர்ட்டா?

எங்கம்மாவோட பிரீபெய்ட் நம்பர்ல தினமும் காலைல பேலன்ஸ் குறைஞ்சுட்டே இருந்துச்சு, என்னன்னு பாத்தா கேக்காத காலர் ட்யூன் ஒண்ணு ஆக்டிவேட் ஆகியிருக்கு. கஸ்டமர் கேர்ல கேட்டா "நீங்கதான் பட்டனை அமுக்கியிருக்கீங்க"ன்னு ஒரே பதில். இந்த மாதிரி சேவை எதுவும் ஆரம்பிக்கணும்னா வாடிக்கையாளர்கிட்ட ரெண்டு தடவை சம்மதம் வாங்கணும்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலைலயே உத்தரவு போட்டிருக்கு. அதை பிரிண்ட் எடுத்து கைல வெச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போகலாம்னு கெளம்பினேன், ஆனா எந்த கோர்ட்டுன்னு கேட்டப்ப நாலு பேர் நாலு பதில் சொன்னாங்க. ஒருத்தர் கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னார், ஒருத்தர் டெல்லில டிடிசாட்னு தனி ட்ரிப்யூனல் இருக்குன்னார், ஒருத்தர் அரசு அமைப்புக்கு கட்டளை போடச் சொல்லி ஐகோர்ட்ல ரிட் மனு போடுன்னார், இன்னொருத்தர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல கேஸ் போட்டா லட்ச ரூபா ஃபைன்னு சொன்னார்.

இப்ப இதே கேள்வியை நெறைய பேர் கேக்கறாங்க. நம்பரை வேற கம்பெனிக்கு போர்ட் பண்ண விடமாட்டேங்கறாங்க, பில்லு தாறுமாறா வருது, டிஎன்டி போட்டும் விளம்பரக் கால் நிக்கல, டவர் ரெண்டு நாளா இல்ல ஆனா வேலிடிட்டி மட்டும் ஓடுதுன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. எல்லாத்துக்கும் டிராய் ரூல் இருக்கு. அந்த ரூலை யாரை வெச்சு அமல்படுத்த வைக்கறதுங்கறதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, அதனால வழிகளை ஒண்ணொண்ணா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்.

## எதை வெச்சு முடிவு பண்றது

வழிகளைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்களையே சில கேள்வி கேட்டுக்கோங்க.

நஷ்டம் உங்க ஒருத்தருக்கா இல்ல ஊருக்கேவா? மிச்ச எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம், ஏன்னா சட்டமே இந்த இடத்துலதான் ரெண்டா பிரியுது. அடுத்து, உங்களுக்கு வேண்டியது போன பணமும் நஷ்டஈடுமா, இல்ல கம்பெனி அந்த ரூல்படி இனிமே நடக்கணுமா? மூணாவது செலவும் தூரமும், இங்க கோர்ட் ஃபீஸை மட்டும் கணக்கு போடாதீங்க, லீவு, பஸ், ஜெராக்ஸ், வக்கீல் எல்லாம் சேத்து போடுங்க. நாலாவதா ஜெயிச்ச பிறகு அந்த உத்தரவை கம்பெனி மதிக்கலைன்னா என்ன பண்ண முடியும். தோத்துட்டா மேல எங்க போக முடியும்ங்கறது கடைசி, இதை யாருமே முன்கூட்டி யோசிக்கறதில்ல.

## மூடியே இருக்கிற ரெண்டு கதவு

மாஜிஸ்ட்ரேட் கோர்ட் பத்தி முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் அதுலதான் ரொம்ப நேரம் வீணாக்கினேன். 1997 டிராய் சட்டத்தோட 29ஆவது பிரிவுப்படி டிராய் உத்தரவை மீறினா 1 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம், மறுபடி மீறினா 2 லட்சம், தொடர்ந்து மீறினா நாளுக்கு 2 லட்சம் வரைக்கும்னு இருக்கு. படிச்சவுடனே நமக்கு ஆயுதம் கிடைச்ச மாதிரி இருக்கும். ஆனா 34ஆவது பிரிவைப் பாருங்க, டிராயே புகார் குடுத்தாதான் கோர்ட் அதை விசாரணைக்கு எடுக்கும்னு தெளிவா எழுதியிருக்கு. நீங்களோ நானோ போட்டா நிக்காது.

சரி டிராய்கிட்டயே போய் புகார் குடுக்கலாம்னா, தனிநபர் புகாரை டிராய் விசாரிக்கறதில்ல, கம்பெனிக்கு அனுப்பி வெச்சிடும், அவ்வளவுதான். டிராய் போடற நிதி அபராதமும் அரசாங்கத்துக்குப் போகும், உங்க பேலன்ஸுக்கு வராது. பெரிய விஷயத்துல கூட டிராயோட கை அவ்வளவு நீளம் இல்ல. ஜியோவுக்கு இணைப்பு குடுக்காம இழுத்தடிச்சாங்கன்னு 2016 அக்டோபர்ல ஏர்டெல், வோடபோன், ஐடியா மூணு பேர் மேலயும் மொத்தம் 3,050 கோடி அபராதம் போடச் சொல்லி டிராய் பரிந்துரை பண்ணுச்சு, தொலைத்தொடர்புத் துறை டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பினது 2021 செப்டம்பர் கடைசில. அஞ்சு வருஷம். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டைக்கே இவ்வளவுன்னா நம்ம காலர் ட்யூனுக்கு டிராய் வந்து நிக்கும்னு காத்திருக்க வேண்டாம்.

அதனால நான் புரிஞ்சுக்கிட்டது, தனி மனுஷனுக்கு டிராய் உத்தரவு ஒரு சாட்சி மாதிரி. கம்பெனி எந்த தரத்துல சேவை குடுக்கணும்னு அந்த பேப்பர் சொல்லுது, அதைக் காட்டி "இதுக்குக் கீழ குடுத்திருக்காங்க"ன்னு நம்ம நஷ்டத்தை கேக்கணும். அந்த உத்தரவையே நேரா அமல்படுத்தச் சொல்லி கேக்கற வழி கூட்டமா போறவங்களுக்கும் ஐகோர்ட் போறவங்களுக்கும்தான்.

## ஒரே பார்வையில

| | நுகர்வோர் ஆணையம் | நிரந்தர மக்கள் நீதிமன்றம் | டிடிசாட் | ஐகோர்ட் ரிட் |
|---|---|---|---|---|
| யார் போகலாம் | தனிநபர், அனுமதியோட கூட்டாவும் | தனிநபர் | நுகர்வோர் கூட்டம், கம்பெனி, அரசு | பாதிக்கப்பட்டவர், பொதுநல மனுவும் உண்டு |
| எங்க | உங்க மாவட்டம் | இருக்கிற மாவட்டத்துல மட்டும் | புதுடெல்லி | சென்னை, மதுரை |
| கோர்ட் ஃபீஸ் | 5 லட்சம் வரை இல்ல | இல்ல | உண்டு | கொஞ்சம், வக்கீல் செலவுதான் பெருசு |
| என்ன கிடைக்கும் | பணம், நஷ்டஈடு | சமரசம், முடியலைன்னா தீர்ப்பு | எல்லாருக்குமான உத்தரவு | டிராய்க்கோ அரசுக்கோ கட்டளை |
| மதிக்கலைன்னா | ஜெயில் வரைக்கும் போகும் | சிவில் கோர்ட் தீர்ப்பு (டிக்ரி) மாதிரி | டிக்ரி, கூடவே அபராதம் | கோர்ட் அவமதிப்பு |
| மேல | மாநில ஆணையம் | அப்பீல் இல்ல | சுப்ரீம் கோர்ட் | ரிட் அப்பீல் |

## எதுக்கும் முன்னாடி கம்பெனி அப்பீல்

இது கோர்ட் இல்ல, ஆனா தாண்டிப் போகாதீங்க. 2012ல வந்த குறைதீர்ப்பு விதிப்படி முதல்ல 198க்கு கூப்பிட்டு புகார் குடுத்து டாக்கெட் நம்பர் வாங்கணும், சரியாகலைன்னா 30 நாளுக்குள்ள அந்தக் கம்பெனியோட அப்பீல் அத்தாரிட்டிகிட்ட போகலாம், அவங்க 39 நாளுக்குள்ள முடிக்கணும், காசு கிடையாது. அப்பீலைப் பாக்கற ஆலோசனைக் குழுவுல நுகர்வோர் அமைப்பு சார்புல ஒருத்தர் இருக்கணும்னும் விதி.

இதைப் பண்ணாம நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கூடாதுன்னு சட்டம் சொல்லல. ஆனாலும் பண்ணுங்கன்னு நான் சொல்றது எதுக்குன்னா, டாக்கெட் நம்பரும் அப்பீல் பதிலும் கைல இருந்தா பின்னாடி எந்த இடத்துல போய் நின்னாலும் "எங்களுக்குத் தெரியவே தெரியாது"ன்னு அவங்க சொல்ல முடியாது. நான் முதல் மூணு கால்ல டாக்கெட் நம்பர் கேட்டு வாங்கவே இல்ல, அந்த மூணு காலும் நடந்ததுக்கே ஆதாரம் இல்லாம போச்சு. பிரீபெய்டா இருந்தா ஐட்டம் வாரியா கணக்கு கேளுங்க, 50 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாது, ஆனா ஆறு மாசத்துக்கு முந்தினது கிடைக்காதுங்கறதால தள்ளிப் போடாதீங்க. காலர் ட்யூன் மாதிரி விஷயத்துக்கு 155223ல உடனே நிறுத்திட்டு அந்த மெசேஜையும் எடுத்து வைங்க.

## நுகர்வோர் ஆணையம்

பத்துல எட்டு பேருக்கு இதுதான் சரியான இடம்னு நான் நெனைக்கிறேன்.

ரொம்ப நாளா இந்தக் கதவு பாதி மூடி இருந்துச்சு. 2009ல சுப்ரீம் கோர்ட் ஒரு டெலிபோன் பில் வழக்குல, பழைய தந்தி சட்டத்தோட 7பி பிரிவுப்படி இந்த மாதிரி தகராறு மத்தியஸ்தத்துக்குத்தான் போகணும், நுகர்வோர் மன்றத்துக்கு வரக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதைக் காட்டியே வருஷக்கணக்கா கம்பெனிங்க புகாரைத் தள்ளுபடி பண்ண வெச்சாங்க. 2022 பிப்ரவரி 16ஆம் தேதி வோடபோன் ஐடியா வழக்குல மூணு நீதிபதிகள் அமர்வு அது தப்புன்னு சொல்லி, நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்த்து வெச்சாங்க. 2023 தொலைத்தொடர்பு சட்டத்துலயும் நுகர்வோர் சட்டப்படி போற உரிமையைத் தொடல. இன்னமும் சில வக்கீல் அந்தப் பழைய தீர்ப்பைத் தூக்கிட்டு வருவாங்க, 2022 தீர்ப்போட ஒரு காப்பியை புகாரோடவே சேத்துடுங்க.

டிராய் ரூல் இங்க எப்படி உதவும்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைக் குறைபாடுங்கறதுக்கு குடுத்திருக்கிற விளக்கத்துலயே "எந்த சட்டத்தின் கீழும் கடைப்பிடிக்க வேண்டிய தரம்"னு வருது. டிராய் விதி அந்தத் தரம்தான். அதனால புகார்ல இந்த விதி, இந்தத் தேதி, இந்த மீறல்னு மூணையும் ஒரே வரில எழுதுங்க. உதாரணத்துக்கு 2024 சேவைத்தர விதிப்படி ஒரு மாவட்டத்துல பெரிய நெட்வொர்க் முடக்கம் 24 மணி நேரத்துக்கு மேல போனா போஸ்ட்பெய்டுக்கு வாடகைல கழிக்கணும், பிரீபெய்டுக்கு வேலிடிட்டியை நீட்டிக்கணும். ஆனா புயல் வெள்ளம் மாதிரி இயற்கைப் பேரிடரால வந்ததுன்னா அது பொருந்தாது, இதை கவனிக்காம போனீங்கன்னா முதல் வாய்தாலயே அடி வாங்கும்.

செலவு பாத்தா, குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல, நீங்க குடியிருக்கிற இல்ல வேலை பாக்கற ஊர்லயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயும் போடலாம். பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். கம்பெனி பதில் போட 30 நாள், மேல 15 நாள், அதுக்கப்புறம் ஒரு நாள் கூட கிடையாதுன்னு 2020ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு சொல்லிட்டாங்க, நம்ம பக்கம் இருக்கிற நல்ல ஆயுதம் இது. ஜெயிச்ச பிறகு அவங்க அப்பீல் போகணும்னாலும் தீர்ப்புத் தொகைல பாதியைக் கட்டிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்கலைன்னா 72ஆவது பிரிவுல ஒரு மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 25,000ல இருந்து 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம்.

மறைஞ்சிருக்கிற செலவு நேரம். சட்டத்துல 3 மாசம், சோதனை தேவைப்பட்டா 5 மாசம்னு போட்டிருந்தாலும் அந்தக் கணக்கை நம்பி லீவு போடாதீங்க. மேல சொன்ன வோடபோன் ஐடியா வழக்கையே எடுத்துக்கோங்க, அகமதாபாத்துல மாச வாடகை 249 ரூபா கட்டிட்டு இருந்த ஒருத்தருக்கு 2013 கடைசில ஒரே மாசத்துக்கு 24,600 ரூபா பில் வந்துச்சு, அவர் 2014ல புகார் போட்டார், எங்க விசாரிக்கறதுங்கற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்க 2022 ஆச்சு. இனிமே அந்தக் கேள்வி வராது, அந்த மனுஷனுக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கோம். ஆனா வாய்தா இருக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு, பெரிய ஆபீசுக்கு வாங்கின லைன்னா வணிக நோக்கம்னு சொல்லி தள்ளிடுவாங்க. சொந்தப் பிழைப்புக்கு நடத்தற சின்ன கடைன்னா பரவால்ல, அதை புகார்லயே எழுதிடுங்க.

## நிரந்தர மக்கள் நீதிமன்றம்

அப்பப்ப நடக்கிற லோக் அதாலத்துனு நெனச்சுடாதீங்க, இது வேற. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துல 2002ல சேத்த அத்தியாயப்படி பொதுப் பயன்பாட்டு சேவைகளுக்காகன்னே இருக்கு, அந்தப் பட்டியல்ல டெலிபோன் சேவை பேரு போட்டே வருது. 1 கோடி ரூபா வரைக்கும் விசாரிக்கலாம், ஃபீஸ் இல்ல. முதல்ல ரெண்டு பக்கத்தையும் உக்கார வெச்சு சமரசம் பேசுவாங்க, முடியலைன்னா அவங்களே தீர்ப்பு குடுத்துடுவாங்க. சாதாரண லோக் அதாலத்துல கம்பெனி ஒத்துக்கலைன்னா அதோட முடிஞ்சுது, இங்க அப்படி நழுவ முடியாது.

விஷயம் சின்னது, ஆதாரம் தெளிவா இருக்கு, பணம் திரும்பி வந்தா போதும்னா இது நல்ல இடம். ஆனா தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது, தோத்தா ஐகோர்ட்ல ரிட் மட்டும்தான். வேற கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இங்க வரணும், இங்க மனு போட்ட பிறகு அதே விஷயத்துக்கு வேற எங்கயும் போகவும் முடியாது. தனி பிராட்பேண்ட் லைன்னா அது டெலிபோன் சேவையான்னு வாதம் கெளம்பலாம். எல்லா மாவட்டத்துலயும் இது இருக்கும்னு சொல்ல முடியாது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல முதல்ல கேட்டுக்கோங்க.

## டிடிசாட்

டெல்லில இருக்கிற தொலைத்தொடர்பு தீர்ப்பாயம், 2000 திருத்தத்துல வந்தது. டிராய் விதிகளை கரைச்சுக் குடிச்சவங்க உக்காந்திருக்கிற இடம்னு கேட்டதும் நானும் அங்கதான் போகணும்னு நெனச்சேன். டிராய் சட்டத்தோட 14ஆவது பிரிவைப் படிச்சப்பதான் புரிஞ்சுது, கம்பெனிக்கும் "நுகர்வோர் கூட்டத்துக்கும்" நடக்கிற தகராறுதான் அங்க போகும், நுகர்வோர் மன்றத்துல போடக்கூடிய தனிநபர் புகாரை அந்தப் பிரிவே வெளில வெச்சிருக்கு. கூட்டம்னா எத்தனை பேர்னு சட்டத்துல எண் இல்ல. மாநில அரசும் உள்ளாட்சி அமைப்பும் கூட மனு போடலாம்.

ஒரு ஊர் பூரா ஒரே கம்பெனியால பாதிக்கப்பட்டிருக்கு, வேண்டியது தலைக்கு நூறு ரூபா இல்ல, கம்பெனி அந்த விதிப்படி நடக்கணும், டிராய்ல பதிவு செஞ்ச நுகர்வோர் அமைப்பு ஒண்ணு கூட நிக்குதுன்னா இதைவிட நல்ல இடம் கிடையாது. உத்தரவு சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி நிறைவேத்தப்படும், வேணும்னே மதிக்கலைன்னா 20ஆவது பிரிவுல அபராதமும் உண்டு.

ஆனா தூரத்தை யோசிங்க. அப்பீல் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான். கம்பெனி அங்க போனா நீங்களும் அங்க வக்கீல் வெக்கணும், அதுக்கு தாக்குப் பிடிக்கற அமைப்பு இல்லாம இறங்காதீங்க. இன்னொரு வரம்பும் இருக்கு, டிராய் 36ஆவது பிரிவுல போடற விதி செல்லுமா செல்லாதான்னு டிடிசாட் பாக்க முடியாதுன்னு பிஎஸ்என்எல் வழக்குல 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அது ஐகோர்ட் வேலை.

## ஐகோர்ட் ரிட்

அரசியலமைப்புச் சட்டத்தோட 226ஆவது பிரிவுல ரிட் போடறது டிராய் தன் வேலையைச் செய்யாம இருக்கும்போது. "இந்த விதியை இந்தக் கம்பெனி தொடர்ந்து மீறுது, ஆதாரத்தோட எழுதிக் குடுத்தேன், நடவடிக்கை இல்ல"ன்னா டிராய்க்கு கட்டளை போடச் சொல்லிக் கேக்கலாம். தென் மாவட்டம்னா மதுரைக் கிளை. தனியார் கம்பெனி மேல நேரா போட்டீங்கன்னா "வேற வழி இருக்கே, அங்க போங்க"ன்னு முதல் நாளே கேப்பாங்க.

இதுல நெறைய பேருக்கு ஏமாற்றம் எங்கன்னா, பல மனுல கிடைக்கிறது "மனுதாரர் குடுத்த மனுவை இத்தனை வாரத்துல பரிசீலிச்சு முடிவெடுக்கவும்"ங்கற உத்தரவு. பரிசீலிச்சு முடியாதுன்னு எழுதிட்டாங்கன்னா மறுபடி முதல்ல இருந்து. பரிசீலிக்கவே இல்லைன்னா கோர்ட் அவமதிப்பு மனு போடலாம், அதை ஒரு வருஷத்துக்குள்ள போடணும். போன பேலன்ஸுக்காக ரிட் போடாதீங்க, வக்கீல் ஃபீஸுக்கே அது பத்தாது.

## நம்பி நிக்கிற ரூல் உயிரோட இருக்கான்னு பாருங்க

எந்த வழியா இருந்தாலும் இதை மறக்காதீங்க. கால் ட்ராப் ஆனா காலுக்கு 1 ரூபா, நாளுக்கு 3 ரூபா வரைக்கும் குடுக்கணும்னு டிராய் போட்ட விதி 2016 ஜனவரி 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. டெல்லி ஐகோர்ட் பிப்ரவரில செல்லும்னு சொன்னுச்சு, மே 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மொத்தமா ரத்து பண்ணிடுச்சு. இன்னைக்கும் அந்த ஒரு ரூபாயைக் கேட்டு எழுதறவங்க இருக்காங்க. டிராய் உத்தரவு வந்து 30 நாளுக்குள்ள கம்பெனி டிடிசாட்ல அப்பீல் போக முடியும், தடை வாங்கியிருக்கலாம். பிரிண்ட் எடுக்கறதுக்கு முன்னாடி டிராய் சைட்ல திருத்தம் வந்திருக்கான்னு பாருங்க. விளம்பரக் கால் வந்தா புகார் குடுக்க முன்ன 3 நாள்தான் டைம், 2025 பிப்ரவரி திருத்தத்துல 7 நாளாச்சு, பழசை வெச்சுக்கிட்டு நாலாவது நாள் கையை விரிக்க வேண்டியதில்ல.

## கம்பெனியே படுத்துட்டா

2018 பிப்ரவரில தமிழ்நாட்டுல ஏர்செல் சிக்னல் போனப்ப கடை வாசல்ல நின்ன கூட்டம் ஞாபகம் இருக்கும். போர்ட் கோட் குடுக்கணும், மீதி பேலன்ஸையும் போஸ்ட்பெய்ட் டெபாசிட்டையும் திருப்பித் தரணும்னு டிராய் சொல்லுச்சு. ஆனா கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிடுச்சு. திவால் வழக்கைப் பாக்கற கம்பெனி தீர்ப்பாயம் அந்த மனுவை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து திவால் சட்டத்தோட 14ஆவது பிரிவுப்படி புது வழக்கு, நடக்கிற வழக்கு, கைல இருக்கிற தீர்ப்பை நிறைவேத்தறதுன்னு எல்லாமே நின்னுடும். கம்பெனிகிட்ட பணம் கேட்டு மேல சொன்ன கதவைத் தட்டறதுல அப்ப பலன் இருக்காது. அந்த நிலைமைல கோர்ட்டுக்கு அலையாம, திவால் நடத்தற அதிகாரி பேப்பர்ல போடற பொது அறிவிப்பைத் தேடுங்க, அதுல குடுத்திருக்கிற கெடுவுக்குள்ள உங்க டெபாசிட் ரசீதோட கிளைம் ஃபார்மை அனுப்பிடுங்க. தொகை சின்னதா இருந்தாலும் அந்தப் பட்டியல்ல உங்க பேர் ஏறணும்.